துப்பாக்கி வாங்குவது கடைசி வேலை: ஆயிரம் கெஜம் சுட ஆசைப்படுகிறவர்களுக்கு

போன மாதம் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள், என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணா, எந்த ரைபிள் வாங்கலாம்?" இருவருமே அதுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. யூடியூபில் யாரோ பாலைவனத்தில் படுத்துக்கொண்டு ஒரு மைல் தள்ளி இருக்கும் இரும்புத் தகட்டை 'டங்' என்று அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன், குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இருவரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன்: ரைபிள் வாங்குவது இந்தப் பொழுதுபோக்கில் கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. அதற்கு முன்னால் ஏழெட்டு மாத வேலை இருக்கிறது, அதில் பாதி காற்றைப் பார்ப்பது, மீதி படுக்கக் கற்றுக்கொள்வது. போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் எழுதுவது இங்கிலாந்தை வைத்து. வோக்கிங் பக்கம் குடியிருக்கிறேன், ரயிலில் அடுத்த நிறுத்தம் புரூக்வுட், அங்கே இறங்கினால் பிஸ்லி ரேஞ்சுக்கு (சுடுதளம்) நடந்தே போய்விடலாம். இந்த விளையாட்டுக்குப் பிஸ்லிதான் தாய்வீடு. 1860-இல் விம்பிள்டன் பொட்டலில் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் முதல் போட்டியை நடத்தியபோது, தாங்கியில் பொருத்தி வைத்த விட்வொர்த் ரைபிளின் விசையை ஒரு பட்டுக்கயிற்றால் இழுத்து முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தவர் விக்டோரியா ராணி. 400 கெஜம் தள்ளி, மையத்துக்கு ஓரிரண்டு அங்குலத்துக்குள் பட்டதாம். (ரைபிளை முன்கூட்டியே குறிவைத்துப் பூட்டிய ஆளுக்கு எப்படி வியர்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.) லண்டன் வளர்ந்து விம்பிள்டன் வரை வீடுகள் வந்துவிட, 1890-இல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பிஸ்லிக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்க அரசியலில் அடிபடும் அதே பெயருள்ள சங்கம் வேறு, அது 1871-இல் பிறந்தது, இதைவிட இளையது. இங்கே இருப்பது விளையாட்டுச் சங்கம்.

முதல் படி: எதைச் சுடப் போகிறீர்கள்?

தூரச் சுடுதல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று நான்கு ஜாதி இருக்கிறது. 'டார்கெட் ரைபிள்' என்பது பழைய மரபு. .308 தோட்டா (எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்), ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுவது, ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி கிடையாது, பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான் சைட். ரைபிளுக்கு முட்டுக் கிடையாது, மேல்கையில் மாட்டிய வாரும் உங்கள் இரண்டு முழங்கையும்தான். இந்தக் கோலத்தில் 300 கெஜத்திலிருந்து 1000 கெஜம் வரை. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். முதல் தடவை 1000 கெஜத்தில் படுத்து அந்தத் துளை வழியாகப் பார்த்தபோது இலக்கு என்பது வளையத்துக்குள் ஒரு மிளகு, அதுவும் நடுங்கும் மிளகு. அப்படியும் பட்டது. பட்டதற்கான காரணம் நானில்லை, பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் சொன்ன காற்றுக் கணக்கு.

இரண்டாவது 'எஃப் கிளாஸ்'. இதில் ஸ்கோப் உண்டு, முன்னால் தாங்கி உண்டு, பின்னால் மணல்பை உண்டு. கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்குவார்சன் ஆரம்பித்து வைத்தது, அந்த 'எஃப்' அவர் பெயரின் முதல் எழுத்து. வயதாகிக் கண்ணும் முழங்கையும் ஒத்துழைக்காத பழைய ஆட்கள் விளையாட்டை விடாமல் இருக்க வந்த ஏற்பாடு, இன்றைக்கு இளைஞர்களும் நேராக இதில்தான் வந்து விழுகிறார்கள். இதற்குள்ளும் இரண்டு பிரிவு: .223 அல்லது .308 மட்டும், முன்னால் இருகால் தாங்கி என்று ஒன்று, எட்டு மில்லிமீட்டர் வரை எந்தத் தோட்டாவும் சரி என்று இன்னொன்று. மூன்றாவதாக 'மேட்ச் ரைபிள்' என்று 1000 முதல் 1200 கெஜம் வரை சுடும் கூட்டம் ஒன்று உண்டு, அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் யோசனை வேறு. முதல் குளிர்காலத்தை .22 ரைபிளோடு கழியுங்கள். ஊருக்கு ஊர் சின்ன கிளப்புகள் இருக்கின்றன, உள்ளரங்கில் 25 கெஜம், வெயில் காலத்தில் வெளியே 50 மீட்டர், 100 கெஜம். தோட்டா மலிவு, தோளில் உதை இல்லை, தவறு செய்தால் காகித அட்டை உடனே காட்டிக்கொடுத்துவிடும். படுப்பது, வார் மாட்டுவது, மூச்சு, விசை எல்லாம் இங்கேயே கைவந்துவிடும். பெரிய ரைபிளில் கற்றுக்கொள்ளப் போனால் உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம்தான் முதலில் கைவரும், அதைப் போக்க ஒரு வருஷம் ஆகும்.

இரண்டாவது படி: உள்ளே நுழைவது

இங்கே சும்மா போய்ச் சுட்டுவிட்டு வர முடியாது. உள்துறை அங்கீகாரம் பெற்ற கிளப் வேண்டும். அவை வருஷத்துக்கு 12 நாள் வரை விருந்தினர் நாள் நடத்தலாம், உறுப்பினர் யாருக்காவது உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், வந்ததும் ஒரு காகிதத்தில் கையெழுத்து. அந்தக் காகிதம் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 21-வது பிரிவு பற்றியது: மூன்று வருஷம் அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவருக்கு வாழ்நாள் தடை, மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷத்துக்குள் என்றால் வெளியே வந்த பிறகு ஐந்து வருஷம் தடை. நமக்கென்ன என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தடை உள்ளவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே குற்றம்.

பிடித்துப்போனால் தகுதிகாண் உறுப்பினராகச் சேரலாம். குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காக வந்து சுட்டு, பாதுகாப்பாக நடந்துகொள்கிறீர்கள் என்று காட்ட வேண்டும், ஆறு மாதம் கேட்கும் கிளப்புகளும் நிறைய. பிஸ்லியில் நேஷனல் ரைபிள் அசோசியேஷனே புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறது, கொஞ்சம் செலவு அதிகம், ஆனால் ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள். இந்தக் காலம் முழுக்க கிளப் ரைபிளைத்தான் சுடுவீர்கள், அதற்கு உங்கள் பெயரில் துப்பாக்கி சர்டிபிகேட் (போலீஸ் தரும் அனுமதி) தேவையில்லை. பலர் இந்த ஆறு மாதத்தைச் சகித்துக்கொள்ள வேண்டிய வரிசை மாதிரி நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் இந்த விளையாட்டிலேயே மலிவான, நல்ல காலம். நாலு விதமான ரைபிளைத் தொட்டுப் பார்க்கலாம், உங்கள் கழுத்து நீளத்துக்கு எது பொருந்துகிறது என்று தெரியும், கிளப்பில் யார் பேச்சைக் கேட்கலாம், யார் பேச்சை டீயோடு விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

"நான் விசாவில் இருக்கிறேன், எனக்குக் கொடுப்பார்களா?" என்பது நம் ஆட்கள் தவறாமல் கேட்பது. பிரிட்டிஷ் குடியுரிமை நிபந்தனை இல்லை. ஆனால் போலீஸ் உங்களைப் பற்றி விசாரித்துத் திருப்திப்பட வேண்டும், அதனால் வந்து இறங்கிய மறுமாதமே விண்ணப்பிப்பதைவிட ஒரு முகவரியில் நிலைத்து, கிளப்பில் நாலு பேருக்கு முகம் தெரிந்த பிறகு போவது சுலபம்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆயிரம் கெஜ மரபு பரவலாக இல்லை. அங்கே வாசல் என்றால் 10 மீட்டர் ஏர் ரைபிள், மாவட்ட ரைபிள் கிளப், சென்னை ரைபிள் கிளப் மாதிரி இடங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக் போனது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். நின்று சுடுவது வேறு, படுத்துச் சுடுவது வேறு, ஆனாலும் ஏர் ரைபிளில் பழகிய விரல் இங்கே வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டது.

மூன்றாவது படி: ரேஞ்சில் எப்படி நடந்துகொள்வது

இதில் சிரிப்புக்கே இடமில்லை. குழலின் வாய் எப்போதும் இலக்கை நோக்கி. சுடப் போகும் வரை விரல் விசைமேல் வேண்டாம். சுடாத நேரத்தில் போல்ட் (தோட்டா அறையை மூடும் தண்டு) திறந்து, தோட்டா அறைக்குள் நிறமான பிளாஸ்டிக் கொடி, அது இருந்தால் உள்ளே தோட்டா இல்லை என்று நாலு ஆள் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். எதிரே ஆள் போகிறார், மான் வருகிறது, எதைப் பார்த்தாலும் யார் வேண்டுமானாலும் "ஸ்டாப்" என்று கத்தலாம், நேற்று சேர்ந்தவரும் கத்தலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காதுக்கு அடைப்பானும் போடுங்கள், மேலே மூடியும் போடுங்கள், இரண்டும். .308 சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்கும். எங்கள் கிளப்பில் பழைய ஆட்களிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, காரணம் அவர்கள் காலத்தில் பஞ்சுதான். சுட்டு முடித்ததும் கை கழுவிவிட்டு வடையைத் தொடுங்கள், எல்லாம் ஈயம்.

நான்காவது படி: படுக்கப் பழகுவது

பாயை விரித்து, இலக்குக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் படுங்கள். வலதுகைக்காரர் என்றால் இடது கால் நீண்டு கிடக்கட்டும், வலது முட்டியை மேலே மடக்குங்கள், அப்போது வயிறு தரையிலிருந்து லேசாக எழும்பும், மூச்சும் இதயத்துடிப்பும் ரைபிளை அவ்வளவாக ஆட்டாது. வார் மேல்கையில் இறுகியிருக்கும், ரைபிளின் எடையை அந்த வாரும் எலும்பும் சுமக்க வேண்டும், தசை சுமக்கக் கூடாது. தசை களைத்துவிடும். பதினைந்தாவது குண்டு வரும்போது கை நடுங்குகிறது என்றால் நீங்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி எனக்கு ஒரு வருஷம் யாரும் சொல்லாத விஷயம். குறிபார்த்துவிட்டு, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தி, கண்ணைத் திறங்கள். ரைபிள் இப்போது எங்கே பார்க்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகக் காட்டும் இடம். அது இலக்குக்கு ஓரமாக இருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்யாதீர்கள். இடது முழங்கையை ஆணி மாதிரி ஊன்றி வைத்துக்கொண்டு இடுப்பை இரண்டு விரல் அளவு நகர்த்துங்கள், மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். கையால் தள்ளிப் பிடித்தால் சுட்ட கணத்தில் ரைபிள் தன் இடத்துக்கே திரும்பும், குண்டும் அந்தப் பக்கமே போகும். நான் காற்று காற்று என்று பழி போட்டுக்கொண்டிருந்ததில் பாதி இந்த இடுப்புதான்.

முன்சைட் வளையத்தைப் பற்றி ஒன்று. புதியவர்கள் இலக்கின் கருவட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் சின்ன வளையத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், துல்லியம் என்று நினைத்து. தப்பு. நாலுபுறமும் தாராளமாக வெள்ளை தெரிகிற பெரிய வளையம் போடுங்கள், சமமாக இருக்கிறதா என்று கண் தானே பார்த்துக்கொள்ளும். வளையம் கூர்மையாகத் தெரியட்டும், இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், அதன் முன்னால் ஒரு அட்டைத்துண்டு போதும்.

மூச்சை வெளியே விட்டு நிறுத்தி ஏழெட்டு வினாடிக்குள் சுட்டுவிட வேண்டும், முடியவில்லை என்றால் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். விசையை நேராகப் பின்னால், சத்தம் உங்களுக்கே எதிர்பாராமல் வருகிற மாதிரி. வந்த பிறகும் கண்ணைத் திறந்தபடி அப்படியே இருங்கள், கடைசியாக வளையம் எங்கே இருந்தது என்று மனதில் சொல்லுங்கள், "வலது, கொஞ்சம் மேலே" என்று. குண்டு பட்ட இடம் நீங்கள் சொன்ன இடத்தோடு ஒத்துப்போனால் தப்பு உங்களுடையது, ஒத்துப்போகவில்லை என்றால் காற்றுடையது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் இருபது வருஷம் சுட்டாலும் அதே மதிப்பெண்தான். பிறகு சொந்த ரைபிள் வந்ததும், வீட்டிலேயே, தோட்டா இல்லாமல், காலி ரைபிளோடு தினம் பத்து நிமிடம் இதைப் பழகலாம். ஜன்னல் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால் நியாயம் அவர் பக்கம்தான்.

ஐந்தாவது படி: காற்று

இங்கேதான் விளையாட்டு ஆரம்பிக்கிறது. மற்றதெல்லாம் முன்னுரை.

முதலில் 'மினிட்'. கடிகார நிமிடம் இல்லை, கோணத்தில் ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 100 கெஜத்தில் அது சுமார் ஒரு அங்குலம், 1000 கெஜத்தில் பத்தரை அங்குலம். சைட்டைத் திருகும்போது ஒவ்வொரு 'க்ளிக்'கும் கால் மினிட், அதாவது 1000 கெஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். எல்லாக் கணக்கும் இந்த மொழியில்தான், சென்டிமீட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தால் தலை சுற்றும்.

.308-இல் 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள குண்டு குழலைவிட்டு வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 1000 கெஜம் போய்ச்சேர ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் கிட்டத்தட்ட 9 மீட்டர் கீழே விழுந்துவிடும், மூன்று மாடி உயரம். ஆனால் விழுவது பிரச்சினையே இல்லை, அது எப்போதும் அதே அளவு விழும், ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டால் சைட்டை அந்த எண்ணில் வைத்தால் போதும். காற்று அப்படி இல்லை. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல், அதாவது இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் ஆடும் காற்று, 1000 கெஜத்தில் குண்டை இரண்டரை மீட்டர் தள்ளிவிடும். இலக்குப் பலகையின் மொத்த அகலமே பத்தடிதான், நடுவில் குறிவைத்தால் பலகையைவிட்டே வெளியே போய்விடும். பக்கத்தில் படுத்திருந்த அந்தப் பெரியவர் அன்றைக்கு என் சைட்டில் வைக்கச் சொன்னது ஒன்பது மினிட். நான் மூன்று வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மனக்கணக்கு ஒன்று இருக்கிறது, துல்லியம் இல்லை, ஆனால் முதல் குண்டைப் பலகைக்குள் கொண்டுவந்துவிடும். தூரத்தை நூறுகளில் எடுத்து, காற்றின் வேகத்தை மைலில் எடுத்து, இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுங்கள். 600 கெஜமும் அதற்குக் குறைவும் என்றால் பன்னிரண்டால் வகுங்கள். வருவது மினிட். இது நேர் பக்கவாட்டுக் காற்றுக்கு. சாய்ந்து வந்தால், கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், இலக்கு பன்னிரண்டு மணி. மூன்று மணியிலிருந்து வந்தால் முழுசு, இரண்டு மணியிலிருந்து என்றால் கிட்டத்தட்ட முழுசு, பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவு, ஒரு மணியிலிருந்து என்றால் பாதி. உதாரணமாக 900 கெஜம், 8 மைல், இரண்டு மணித் திசை. ஒன்பதெட்டு எழுபத்திரண்டு, பத்தால் வகுத்தால் ஏழு சொச்சம், கொஞ்சம் கழித்தால் ஆறேகால். காற்று வலதிலிருந்து என்றால் சைட்டை வலப்பக்கம் ஆறேகால்.

மோசமான காற்று பலமான காற்று இல்லை, நேர் எதிரிலோ நேர் பின்னாலோ வீசும் காற்றுதான். சும்மா இருப்பது போலிருக்கும், ஆனால் மீன்வால் மாதிரி இரு பக்கமும் ஆடும், ஒரு கணம் வலது இரண்டு மினிட், அடுத்த கணம் இடது இரண்டு. பலமான சீரான காற்றில் ஐம்பதுக்கு ஐம்பது அடித்தவர்கள் இந்த மீன்வாலில் அழுதிருக்கிறார்கள்.

காற்றை எதில் பார்ப்பது? ரேஞ்ச் நெடுக கொடிகள் இருக்கும். கொடி நனைந்திருந்தால் பொய் சொல்லும், காய்ந்த கொடியையும் நனைந்த கொடியையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது. வெயில் இருந்தால் கானல் இன்னும் நல்ல சாட்சி. தொலைநோக்கியை இலக்கில் நிறுத்திவிட்டு ஒரு கால் திருகு திருகிச் சற்று முன்னால் குவியுங்கள், காற்று நீரோட்டம் மாதிரி ஓடுவது தெரியும். நேராக மேலே கொதித்தால் பக்கக்காற்று இல்லை, சாய்ந்தால் மெல்லிய காற்று, தட்டையாக ஓடினால் பலமான காற்று. கொதிப்பு நின்று சாயத் தொடங்கும் அந்த நொடியில் சுடாதீர்கள். ஒரு குண்டுக்கு 45 வினாடி அனுமதி, அவசரப்பட வேண்டாம். வயல் வரப்பில் நின்று நாற்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை, நாம்தான் மறந்துவிட்டோம்.

(குண்டு சுழல்வதால் வரும் விலகல், பூமி சுழல்வதால் வரும் விலகல் என்று இணையத்தில் படித்துவிட்டு வருவீர்கள். முதல் இரண்டு வருஷம் அதை மறந்துவிடுங்கள். காற்றை மூன்று மினிட் தப்பாகப் படிப்பவருக்குப் பூமி சுழன்றால் என்ன, நின்றால் என்ன.)

இலக்குக் குழியில் வேலை

பல போட்டிகளில் இன்னும் ஆள்தான் இலக்கை ஏற்றி இறக்குகிறார், எலக்ட்ரானிக் இலக்குகள் வந்துகொண்டிருந்தாலும். புதியவர்கள் குழியில் தங்கள் முறை வந்தால் முனகுவார்கள். முனகாதீர்கள், அதுதான் சிறந்த பள்ளிக்கூடம். மண்மேட்டுக்குப் பின்னால் பத்திரமான குழியில் நிற்பீர்கள், தலைக்கு மேலே சாட்டை மாதிரி 'படார்', பலகையைக் கீழே இழுத்து, ஓட்டையைத் தேடி, அதில் வட்டத் தக்கையைச் செருகி, பழைய ஓட்டையில் காகிதம் ஒட்டி, மேலே தள்ள வேண்டும். பத்து வினாடியில் முடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல சுடுநர் ஒருவரின் பலகையை அரைமணி நேரம் இழுத்துப் பாருங்கள்: காற்று மாறும்போது அவர் குண்டுகள் எப்படி ஒரு பக்கமாக நகர்ந்து, இரண்டாவது குண்டிலேயே மையத்துக்குத் திரும்பி வருகின்றன என்பது தெரியும். எந்த வகுப்பிலும் இதைக் காட்ட முடியாது.

மதிப்பெண் சுலபம். நடு வட்டம் ஐந்து, அதை 'புல்' என்பார்கள். (முதல் நாள் "புல் புல்" என்று கேட்டபோது தரையைப் பார்த்தேன்.) அதற்குள் இன்னும் சின்னதாக 'வி' வட்டம், அதற்கும் ஐந்துதான், ஆனால் சமநிலை வந்தால் 'வி' அதிகம் உள்ளவர் ஜெயிப்பார். பத்துக் குண்டில் உச்சம் 50, 10 வி. போட்டியில் முதல் இரண்டு குண்டு சோதனைக் குண்டு, நன்றாகப் பட்டால் அவற்றையே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே இலக்கில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடுவீர்கள், ஒருவர் மதிப்பெண்ணை இன்னொருவர் எழுதுவார்.

சுடுவதற்கு முன் இலக்கின் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் பாருங்கள். என் முதல் கிளப் போட்டியில் ஆறு குண்டு நல்லபடி போனது, ஏழாவதை வாழ்க்கையிலேயே அழகாகச் சுட்டேன், நடு மையம் என்று வாய்விட்டே சொன்னேன். என் பலகை அசையவில்லை. பக்கத்துப் பலகை இறங்கியது. மேலே வந்தபோது நடு 'வி'யில் என் குண்டு. எனக்குச் சுழியம். பக்கத்தில் படுத்திருந்த அம்மாள் திரும்பி "நன்றி" என்றார்.

கடைசிப் படி: சரி, ரைபிள்

இவ்வளவும் ஆன பிறகு சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள். உள்ளூர் போலீஸுக்கு, இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும், உங்கள் டாக்டரிடமிருந்து உடல், மனநலத் தகவல் போக வேண்டும் (2021 நவம்பரிலிருந்து இது கட்டாயம்), ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பேசிவிட்டு இரும்புப் பெட்டியைச் சுவரில் எங்கே பூட்டப் போகிறீர்கள் என்று பார்ப்பார். எதையும் மறைக்காதீர்கள், பழைய மனச்சோர்வு மாத்திரையைச் சொன்னதால் யாரும் உடனே நிராகரிப்பதில்லை, மறைத்தது தெரிந்தால்தான் சிக்கல். பெட்டிச் சாவி எங்கே என்று மனைவிக்கும் தெரியக் கூடாது, வேடிக்கைக்குச் சொல்லவில்லை, விதியே அதுதான், அவர் பெயரிலும் சர்டிபிகேட் இருந்தால் தவிர. சர்டிபிகேட் ஐந்து வருஷம். எந்தத் தோட்டா அளவில் எத்தனை ரைபிள், எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். எத்தனை மாதம் ஆகும் என்பது உங்கள் மாவட்டப் போலீஸைப் பொறுத்தது, அவசரப்படுத்திப் பயனில்லை.

வாங்கும்போது பழையதை வாங்குங்கள். டார்கெட் ரைபிள்காரர்கள் தங்கள் துப்பாக்கியைக் குழந்தை மாதிரி வைத்திருப்பார்கள், கிளப் அறிவிப்புப் பலகையில் "விற்பனைக்கு" என்று வருவது புதிய ரைபிள் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். ஒன்றே ஒன்று கேளுங்கள்: குழல் எத்தனை குண்டு பார்த்திருக்கிறது? .308 குழல் ஐயாயிரம் வரை தாங்கும், நாலாயிரம் ஆகிவிட்டது என்றால் புதுக் குழலின் விலையைக் கழித்துப் பேசுங்கள். படுத்துச் சுடும்போது போடும் ஜாக்கெட் பொருந்துகிறதாக இருக்க வேண்டும், அதற்குப் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள். இடுப்பில் தொங்கும் ஜாக்கெட்டோடு நல்ல ரைபிள் வைத்திருப்பவரைவிட, ஒட்டிப் பிடிக்கும் ஜாக்கெட்டோடு கிளப் ரைபிள் சுடுபவர் நன்றாகச் சுடுகிறார், கண்ணால் பார்த்திருக்கிறேன். தோட்டா ஒன்று ஒரு பவுண்டுக்கு மேல், ஒரு நாளில் ஐம்பது போய்விடும், அதைக் கணக்கிட்டு மிச்சத்தில் ரைபிள் வாங்குங்கள், தலைகீழாக வேண்டாம். தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பதைப் பற்றி முதல் வருஷம் நினைக்கவே நினைக்காதீர்கள்.

ஒரு நோட்டும் வாங்குங்கள், நாற்பது பக்கம் போதும். தேதி, தூரம், சைட்டில் உயரம், காற்று என்ன என்று நினைத்தேன், உண்மையில் என்ன இருந்தது. என் முதல் நோட்டில் மழை ஊறி மை கலைந்திருக்கிறது, பென்சில் எடுத்துப்போங்கள்.

ஜூலையில் பிஸ்லியில் பெரிய போட்டித் திருவிழா நடக்கும். அதில் கோலாப்பூர் கோப்பை என்று ஒரு குழுப்போட்டி உண்டு, 1871 முதல், நம்ம கோலாப்பூர்தான். அதற்கு முந்தைய வருஷம் லண்டன் வந்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் ஃபிளாரன்ஸில் இறந்துபோன இளம் ராஜா ராஜாராமின் சமஸ்தானம். கடைசி நாள் ஸ்டிக்கில்டவுன் ரேஞ்சில் அரசர் பரிசின் இறுதிச் சுற்று, நூறு பேர், 900 கெஜத்தில் பதினைந்து, 1000 கெஜத்தில் பதினைந்து. ஜெயித்தவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போவார்கள். 1930-இல் அந்த நாற்காலியில் முதல் பெண்ணாக மார்ஜரி ஃபாஸ்டர் உட்கார்ந்தார். பரிசுத் தொகை 250 பவுண்டு, 1860-இல் விக்டோரியா கொடுத்த அதே 250. அன்றைக்கு வந்தால் ரைபிளைப் பார்க்காதீர்கள். பத்து நிமிடம் கொடியைப் பாருங்கள், பிறகு சுடுபவர்களில் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் அடுத்த குண்டுக்குச் சைட்டை எந்தப் பக்கம் திருகுவார் என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்து வாருங்கள்.